டெல்டா முழுவதையும் ஆயிரம் சொல்லில் அடக்க வேண்டாம்

கேள்வி: ஐயா, மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பதினோராம் வகுப்பு படிக்கிறேன். 'எங்கள் பகுதியின் ஒரு பிரச்சினையும் அதற்கான தீர்வும்' என்று 1,000 முதல் 1,200 சொற்களுக்குள் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அக்டோபர் கடைசியில் கொடுக்க வேண்டும், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. 'டெல்டா விவசாயிகளின் பிரச்சினைகள்' என்று தலைப்பு எடுத்தேன். செல்போனில் தேடி நாற்பது பக்கத்துக்கு மேல் சேர்த்துவிட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் முன்னுரையைத் தாண்டவில்லை. தீர்வு என்று வரும்போது 'அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும், மக்களிடம் விழிப்புணர்வு வேண்டும்' என்ற இரண்டு வரியோடு நின்றுவிடுகிறது. என்ன செய்வது? கட்டுரையில் படம் ஒட்டலாமா?
– ஒரு மாணவி, திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள மாணவிக்கு,

உன் எழுத்தில் கோளாறு இல்லை, தலைப்பில்தான் இருக்கிறது. 'டெல்டா விவசாயிகளின் பிரச்சினைகள்' என்று சொல்லிவிட்டால் மேட்டூர்த் தண்ணீர், கடைமடைப் பாசனம், உர விலை, ஆள் பற்றாக்குறை, பயிர்க் காப்பீடு, வேதாரண்யம் பக்கத்து உப்புநீர், அரசுக் கொள்முதலில் ஈர நெல் எல்லாமே அதற்குள் வந்துவிடும். இத்தனைக்கும் பொதுவாக ஒரு தீர்வு சொல் என்றால் அனுபவசாலிக்கும் 'உரிய நடவடிக்கை' என்றுதான் வரும். தீர்வுப் பகுதி இரண்டு வரியில் நின்றால், பிரச்சினையை இன்னும் போதுமான அளவு சுருக்கவில்லை என்று எடுத்துக்கொள்.

பழக்கமும் ஒரு காரணம். பத்தாம் வகுப்பில் குறிப்புச் சட்டகம் போட்டு, முன்னுரை, நாலைந்து உட்தலைப்பு, முடிவுரை என்று எழுதிப் பழகிய கை உன்னுடையது. தேர்வில் திருத்துபவர் உட்தலைப்பையும் மேற்கோளையும் பிழையில்லாத நடையையும் பார்த்து மதிப்பெண் போடுவார். அங்கே அது சரி. இந்தக் கட்டுரையைப் படிப்பவருக்கு வேறு மூன்று சந்தேகங்கள் இருக்கும். இப்படி உண்மையிலேயே நடக்கிறதா? காரணம் நீ சொல்வதுதானா? நீ சொல்வதைச் செய்தால் குறையுமா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் உட்தலைப்பே இல்லாமலும் கட்டுரை நிற்கும். மேற்கோளோடு தொடங்கும் ஆசை வரும். இந்த ஒரு தடவை அதை அடக்கிக்கொள்.

சுருக்குவது என்றால் நான்கு விஷயத்தை முடிவு செய்வது: எந்த இடம், எந்தக் காலம், யாருக்கு, அளந்து சொல்லக்கூடிய சேதம் எது. உன் கடிதம் அக்டோபரில் வந்திருக்கிறது. உன் பக்கத்தில் குறுவை நெல் அறுப்பு நடக்கிறது. மழையும் வாசலில் நிற்கிறது. அதனால் இந்தப் பதிலுக்கு ஈர நெல்லை எடுத்துக்கொள்கிறேன். உன் ஊரில் வேறொன்று கண்ணை உறுத்தினால் அதையே எடு. பாசன வாய்க்காலை அடைத்த ஆகாயத்தாமரையாகவும் இருக்கலாம், மாலை வகுப்பு முடிந்தபின் பேருந்து இல்லாததாகவும் இருக்கலாம். வேலை செய்யும் முறை மாறாது.

முதல் வாக்கியத்தை இப்படி எழுதிப் பார்: 'குறுவை அறுவடை நேரத்தில் எங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், எடை போடுவதற்கு முன்பே நெல் மழையில் நனைந்துவிடுகிறது.' இதைப் பொய் என்று ஒருவர் சொல்ல முடியும். நீ சைக்கிளில் போய்ப் பார்த்து உண்மை என்று காட்டவும் முடியும். பிரச்சினை வாக்கியத்துக்கு இந்த இரண்டு குணமும் வேண்டும். 'விவசாயிகள் வேதனைப்படுகிறார்கள்' என்ற வாக்கியத்தை யாரும் மறுக்க மாட்டார்கள். அதனாலேயே அதைப் பிடித்துக்கொண்டு ஒரு அடிகூட நகர முடியாது.

அடுத்தது காரணம். உன் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கப் போவது இந்தப் பகுதிதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். நெல் ஏன் நனைகிறது? மழை பெய்வதால். இந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மழை வரும் நேரத்தில் நெல் ஏன் வெட்டவெளியில் கிடக்கிறது என்று கேள். இங்கே பாதை இரண்டாகப் பிரியும்.

ஒன்று, நெல் ஈரமாக வந்தது, அதனால் எடுக்கவில்லை. கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது மத்திய அரசின் தர விதி. மேலே போனால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். சரி, ஏன் ஈரமாக வருகிறது? கையறுப்புக் காலத்தில் அறுத்த தாளை அரி அரியாக வயலிலேயே காயவிட்டு, பிறகு கட்டுக்கட்டிக் களத்தில் அடித்தார்கள். களத்துக்கு வருவதற்குள்ளேயே நெல் பாதி காய்ந்திருக்கும். இப்போது அறுவடை இயந்திரம் நிற்கும் பயிரை அறுத்து, அதே நேரத்தில் நெல்லைப் பிரித்து, டிராக்டர் பெட்டியில் கொட்டிவிடுகிறது. நடுவில் காய்வதற்கு நேரமே இல்லை. பனி இறங்கிய காலையிலோ தூறல் விட்ட கையோடோ மிஷினை இறக்கினால் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டும்.

இரண்டாவது பாதை, நெல் காய்ந்துதான் வந்தது, ஆனாலும் எடை போடவில்லை. சாக்கு வரவில்லை, அல்லது முன்பு எடை போட்ட சிப்பங்களை, அதாவது நெல் கட்டிய சாக்குகளை, ஏற்றிப் போக லாரி வரவில்லை, அல்லது ஏற்றிப் போய் இறக்கக் கிடங்கில் இடமில்லை. முன்னால் அடுக்கியது நகராமல் பின்னால் இருப்பதை எடுக்க முடியாது. வரிசை நீளும், குவியல் படுதாவுக்குள் கிடக்கும், அடியில் தண்ணீர் புகும்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே படம்தான்: நனைந்த நெல் குவியல். ஆனால் முதல் பாதைதான் காரணம் என்றால் காயவைக்க இடம் வேண்டும். இரண்டாவது பாதை என்றால் எத்தனை களம் கட்டினாலும் பயனில்லை; லாரியும் கிடங்கும்தான் வழி. காரணம் எது என்று பாராமல் 'உலர்களம் அமைக்க வேண்டும்' என்று எழுதுவதுதான் இந்த வகைக் கட்டுரைகளில் அடிக்கடி நடக்கும் சறுக்கல். உன் ஊரில் எந்தப் பாதை என்பது நீ சேர்த்த நாற்பது பக்கத்தில் கட்டாயம் இருக்காது. நேரில்தான் போக வேண்டும்.

போகும்போது வீட்டுப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போ. தராசு ஓடும் நேரத்தில் குறுக்கே போய் நிற்காதே. சாப்பாட்டு இடைவேளையோ வேலை ஓய்ந்த மாலையோ நல்லது. முதலில் நிலையத்தின் பட்டியல் எழுத்தரிடம் பள்ளிக் கட்டுரைக்காக வந்திருக்கிறேன் என்று சொல்லிவிடு. நெல்லோடு காத்திருக்கும் எட்டு, பத்துப் பேரிடம் பேசினால் போதும். ஆனால் 'கஷ்டமா இருக்கா மாமா?' என்று கேட்காதே. எல்லோரும் ஆமாம் என்பார்கள், உன் நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது. தேதியைக் கேள். 'எந்தத் தேதி அறுத்தீங்க? இங்க எந்தத் தேதி கொண்டாந்தீங்க? முதல் தடவ ஈரம் பாக்குற மானியில எவ்வளவு காட்டுச்சு? எடை எப்பப் போட்டாங்க, இல்லன்னா ஏன் போடலன்னு சொன்னாங்க?' இந்த நான்கு கேள்விக்கும் நோட்டில் நான்கு கட்டம் கட்டி, ஆளுக்கு ஒரு வரிசை. பெயர் வேண்டாம், விவசாயி 1, விவசாயி 2 என்று எழுதினால் போதும். பெயர் கேட்காமல் இருந்தால் மனம்விட்டும் பேசுவார்கள்.

பத்து வரிசை நிரம்பியதும் விடை தானாகத் தெரியும். பெரும்பாலோருக்கு மானி 16, 17 காட்டியும் ஐந்தாறு நாள் காத்திருந்தார்கள் என்றால் உன் ஊரின் பிரச்சினை காயவைப்பது இல்லை. மானி 20, 21 காட்டி, திரும்ப ரோட்டில் கொட்டிக் காயவைத்தார்கள் என்றால் அதுதான் காரணம். இரண்டும் கலந்து வந்தால் எத்தனை பேருக்கு எது என்று அப்படியே எழுது. பத்துப் பேரைக் கேட்டுவிட்டு 'டெல்டா விவசாயிகள் அனைவரும்' என்று எழுதாதே. 'எங்கள் நிலையத்தில் காத்திருந்த பத்துப் பேரில் ஏழு பேர்' என்று எழுது. சின்ன எண்ணாக இருந்தாலும் நீ பார்த்த எண்.

ஒரு பக்கம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதே. எடை ஏன் நிற்கிறது என்பதற்குப் பட்டியல் எழுத்தரிடமும் சுமைதூக்கும் தொழிலாளர்களிடமும் வேறு பதில் இருக்கும், பல நேரம் அதுதான் துல்லியமாகவும் இருக்கும். லாரி கடைசியாக வந்த தேதியை அவர்களைப் போல வேறு யாரும் சொல்ல முடியாது. சிப்பத்துக்கு இவ்வளவு கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற பேச்சும் காதில் விழும். அதை உன்னால் நிரூபிக்க முடியாது; ஆளையோ நிலையத்தையோ சுட்டி எழுதாதே. உன் கட்டுரை அதை நம்பி நிற்க வேண்டியதும் இல்லை.

இனி அந்த நாற்பது பக்கம். ஒவ்வொரு தாளையும் எடுத்து மூன்று கேள்வி கேள்: யார் சொன்னது, எந்த ஆண்டு, எந்த ஊருக்கு? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் ஒதுக்கி வை. கையில் மிஞ்சுவது ஏழெட்டுத் தாளாக இருக்கும். பயப்படாதே, ஆயிரம் சொல்லுக்கு ஆறு நல்ல தகவலே அதிகம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய தாள் ஏதாவது இருந்தால் அதிலுள்ள எண்களை அப்படியே எழுதாதே. இல்லாத அறிக்கையையும் இருப்பது போலவே சொல்லும். என்னென்ன கேள்வி கேட்கலாம் என்று யோசிக்க அது உதவும், அவ்வளவுதான்.

புதிதாகத் தேட வேண்டியது எங்கே? சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும், தமிழிலும் கிடைக்கும், அரசு இணையதளத்தில் இலவசம். கொள்முதலை நடத்துவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். அது உணவுத் துறையின் கீழ் வருகிறது. அதனால் வேளாண்மைத் துறைக் குறிப்பில் தேடிக் களைத்துப்போகாதே, உணவுத் துறைக் குறிப்பைத் திற. மாவட்ட அளவில் சாகுபடிப் பரப்பு வேண்டுமென்றால் மாவட்டப் புள்ளியியல் கையேடு. உன் கிராமத்தில் இந்த ஆண்டு எத்தனை ஏக்கர் குறுவை என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல், அதாவது சாகுபடிப் பதிவேடு. காயவைக்கும் தொழில்நுட்பத்துக்கு நீடாமங்கலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, உனக்குப் பக்கம். குறுவை ரகங்கள் பற்றிய சந்தேகம் என்றால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம். 1922 முதல் இயங்குகிறது, ஆடுதுறை 36, 43 என்று உன் ஊரில் சொல்லும் ரகங்கள் அங்கே பிறந்தவை. தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் உணவுப் பதப்படுத்துதலுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. நெல் உலர்த்தும் இயந்திரம் பற்றிக் கேட்க அதைவிடச் சரியான இடம் அருகில் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டம், 10 ரூபாய்க் கட்டணம், பதில் தர 30 நாள் அவகாசம். உன்னிடம் இருப்பது மூன்று வாரம். அடுத்த கட்டுரைக்கு வேண்டுமானால் இப்போதே போட்டு வை.

நாளிதழ்ச் செய்தியைக் கொஞ்சம் சூதானமாகக் கையாள வேண்டும். கிளை நூலகத்தில் பழைய இதழ்களைக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். 'ஆயிரக்கணக்கான மூட்டைகள் நாசம்' என்ற செய்தியைக் கொண்டு, அந்தத் தேதியில் அந்த ஊரில் நெல் நனைந்தது என்று சொல்லலாம். எத்தனை மூட்டை என்பதற்கு அது ஆதாரம் ஆகாது, செய்தியாளர் நின்று எண்ணியிருக்க மாட்டார்.

ஒரு தகவலுக்கு அரைத்தாள் ஒன்று. மேலே அது எந்தக் கேள்விக்குப் பதில், நடுவில் தகவல், கீழே யார், எப்போது, எந்தப் பக்கம். உன் சொந்தக் கருத்தை வேறு நிற மையில் எழுது. இதைச் செய்யாவிட்டால் இரண்டு வாரம் கழித்து எது அறிக்கை சொன்னது, எது நீ நினைத்தது என்று உனக்கே தெரியாது.

எண்களில் விழக்கூடிய குழிகள் நம் பக்கத்தில் நிறைய. விவசாயி 'ஒம்பது மா' என்பார். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். அரசு அறிக்கை ஹெக்டேரில் இருக்கும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஊரில் மூட்டை என்றால் வழக்கமாக 60 கிலோக் கணக்கு, கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ, விலை சொல்வதோ 100 கிலோ குவிண்டாலுக்கு. 'ஏக்கருக்கு 50 கண்டது' என்று ஒருவர் சொன்னால் மூட்டையா, சிப்பமா என்று கேட்காமல் எழுதாதே. 3 டன்னுக்கும் 2 டன்னுக்கும் உள்ள வித்தியாசம் அது. ஆண்டும் அப்படித்தான். அடங்கலில் பசலி என்ற வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு இருக்கும், ஜூலையில் தொடங்கும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435. கொள்முதல் பருவம் இப்போது செப்டம்பர் 1இல் தொடங்குகிறது. நிதியாண்டு ஏப்ரலில். மூன்றையும் ஒரே '2025' என்று எழுதிவிட்டால் கணக்கு உதைக்கும். தண்ணீரைத் தலைப்பாக எடுப்பவர்கள் இதைவிடப் பெரிய குழியில் விழுவார்கள். கன அடி என்று செய்தியில் வருவது விநாடிக்கு ஓடும் அளவு. டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி, மொத்தக் கொள்ளளவு. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால்தான் ஒரு டிஎம்சி.

விலையிலும் ஒரு சிக்கல். 2025–26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு ஒரு தாளில் 2,369 ரூபாய் என்று இருக்கும், இன்னொன்றில் 2,500 என்று இருக்கும். இரண்டும் சரி. முதலாவது மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை. மாநில அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாயைச் சேர்த்தால் இரண்டாவது. இரண்டு ஆதாரம் முரண்படுவது போலத் தெரிந்தால் ஒன்றைக் கிழித்துப் போடாமல் ஏன் வேறுபடுகிறது என்று பார். கட்டுரைக்கு நல்ல வரி ஒன்று அங்கேயே கிடைக்கும்.

இப்போது ஒரு கணக்கு. இதைக் கட்டுரையில் போட்டால் ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார். 22 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ நெல். அதில் தண்ணீர் 220 கிலோ, மீதி 780 கிலோ காய்ந்த பொருள். 17 சதவீதத்துக்குக் காயவைத்த பிறகும் அந்த 780 மாறாது, அது மொத்தத்தில் 83 சதவீதமாகும். 780ஐ 0.83ஆல் வகுத்தால் ஏறக்குறைய 940 கிலோ. அதாவது 60 கிலோ, ஒன்றரைச் சிப்பம், ஆவியாகப் போய்விட்டது. 2,500 ரூபாய் விலையில் 1,500 ரூபாய். காயவைக்கும் ஆள் கூலி தனி. 'ஏன் காயவைக்காமல் கொண்டுவந்து வரிசையில் நிற்கிறார்கள்' என்ற கேள்விக்கு விடையில் பாதி இந்தக் கணக்கில் இருக்கிறது. அலட்சியம் என்று எழுத இருந்த இடத்தில் இதை எழுது.

தீர்வுக்கு வருவோம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு வக்காலத்து வாங்காதே. குறைந்தது மூன்றை எழுதிவைத்து, ஒவ்வொன்றிடமும் கேள்: யார் செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும், முன்பு செய்து பார்த்தார்களா, செய்தால் வேறு எங்கே இடிக்கும்?

ஈரப்பத வரம்பை உயர்த்த வேண்டும் என்பது எல்லோர் வாயிலும் வரும் தீர்வு. முடிவெடுப்பது மத்திய அரசு. செய்தும் பார்த்திருக்கிறார்கள், 2022 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு 19 சதவீதம் வரை தளர்த்தினார்கள். இடிக்கும் இடம் இரண்டு. மாநிலம் கேட்டு, குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் அறுப்பில் பெரும்பகுதி முடிந்துவிடலாம். ஈர நெல்லைச் சாக்கில் கட்டி அடுக்கினால் உள்ளே சூடேறும், பூசணம் பிடிக்கும், அரிசி பழுப்பாகும். பிரச்சினை களத்திலிருந்து கிடங்குக்கு இடம் மாறும். இது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை மட்டும் தீர்வாக வைத்தால் கட்டுரை நொண்டும் என்கிறேன்.

உலர்களத்தை எண்ணால் சோதித்துப் பார்க்கலாம். வெயிலில் காயவைக்கும்போது நெல்லை 2 முதல் 4 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி அடிக்கடி கிளறிவிட வேண்டும். கனமாகக் கொட்டினால் அடிநெல் காயாது. மெல்லப் பரப்பிக் கிளறாமல் விட்டால் மேல்நெல் சுருக்கென்று காய்ந்து வெடித்து, அரைக்கும்போது நொய்யாகும். 4 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு டன்னுக்குச் சுமார் 45 சதுர மீட்டர் வேண்டும். ஏக்கருக்கு 2 டன் என்றால் 90 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 1,000 சதுர அடி. உன் நிலையத்துக்கு வரும் குறுவை 300 ஏக்கர், அறுப்பு 20 நாளில் முடிகிறது என்று வைத்துக்கொள். நாளுக்கு 15 ஏக்கர். காய இரண்டு நாள் பிடித்தால் ஒரே நேரத்தில் 30 ஏக்கர் நெல் களத்தில் கிடக்கும். 30,000 சதுர அடி, ஊர்க் கணக்கில் இரண்டு மா. 300, 20 என்ற என் எண்களுக்குப் பதில் உன் அடங்கல் எண்ணையும் நீ கேட்டறிந்த நாள் கணக்கையும் போட்டுக்கொள். அந்த அளவுக்குப் பொது இடம் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து எழுது. இல்லை என்றால் அதையும் எழுது.

மூடாக்கு வானத்தில் களத்தால் என்ன பயன் என்று ஆசிரியர் கேட்பார். கேட்பதற்கு முன் நீயே கேட்டுவிடு. அங்கேதான் உலர்த்தும் இயந்திரம் துணைத் தீர்வாக வருகிறது. அதன் கொள்ளளவு, ஒரு நடைக்கு எத்தனை மணி நேரம், டன்னுக்கு எரிபொருள் செலவு, வாடகை யார் கொடுப்பது என்ற விவரத்தை நீடாமங்கலத்திலோ தஞ்சாவூரிலோ கேட்டு, மேலே கண்ட 1,500 ரூபாயோடு ஒப்பிட்டுப் பார். இயந்திரச் செலவும் எடைக் குறைவும் சேர்ந்து விவசாயிக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால், கூட்டுறவுச் சங்கமோ கொள்முதல் நிலையமோ அதை ஏற்க வேண்டும் என்று வாதாட உன் கையில் எண் இருக்கும்.

உன் அட்டவணை இரண்டாவது பாதையைக் காட்டினால் மேலே சொன்ன மூன்றும் பின்னால் போய்விடும். அப்போது தீர்வு லாரி இயக்கத்தைச் சுற்றியது: நாளுக்கு எத்தனை சிப்பம் எடை போடுகிறார்கள், எத்தனை வெளியே போகிறது, நடுவில் தேங்குவது எவ்வளவு? ஒரு வாரக் கணக்கு கிடைத்தால் போதும். அதுவரைக்கும் குவியலுக்கு அடியில் தண்ணீர் புகாமல் மேடைத்தளம், நல்ல படுதா போன்ற சின்னத் தீர்வுகளும் கௌரவமானவைதான்.

'வேண்டும்' என்று முடியும் வாக்கியங்களைக் கடைசியில் தனியாக ஒரு முறை தேடிப் பார். 'உலர்களங்கள் அமைக்கப்பட வேண்டும்' என்று எழுதியிருப்பாய். யார் அமைப்பது என்று அதில் இல்லை. இப்படி மாற்று: 'கொள்முதல் நிலையத்தை ஒட்டிய பொது இடத்தில் இரண்டு மா அளவுக்கு ஊராட்சி சிமெண்டுக் களம் போட்டால், நாளுக்கு 15 ஏக்கர் நெல்லைக் காயவைக்க இடம் கிடைக்கும். மழை நாளில் இது உதவாது.' நவம்பர் 1 உள்ளாட்சி நாளை ஒட்டிக் கிராம சபை கூடும். உன் தீர்வை அங்கே வைக்கும் தீர்மானமாக நாலு வரியில் எழுத முடிகிறதா என்று பார். எழுத முடிந்தால் தீர்வு தயார். எழுத முடியவில்லை என்றால் செய்பவர், இடம், அளவு, காலம் இவற்றில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

நாட்களைப் பங்கிடும்போது களப்பணியை முதல் வாரத்திலேயே முடித்துவிடு. மழை பிடித்துக்கொண்டால் அறுப்பும் நிற்கும், நீ கேட்க ஆளும் இருக்காது. இரண்டாவது வாரம் அலுவலகம், நூலகம், கணக்கு. அரசு அலுவலகத்துக்கு ஒரு தடவை போனால் போதாது, அதற்கும் நாள் விடு. மூன்றாவது வாரம் எழுது. முன்னுரையில் தொடங்காதே, நீ மாட்டிக்கொண்ட இடமே அதுதான். காரணப் பகுதியை முதலில் எழுது, பிறகு தீர்வு, பிறகு பிரச்சினை, கடைசியில் முன்னுரை. 1,100 சொல் என்றால் பிரச்சினைக்கு 250, காரணத்துக்கு 300, தீர்வுக்கு 450, மறுப்புகளுக்கு 100. மாணவர்கள் வழக்கமாகப் பிரச்சினைக்கே 800 சொல்லைச் செலவழித்துவிட்டுத் தீர்வை அவசரமாக முடிப்பார்கள். ஆதாரத்தை வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிடு: 'உணவுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு இன்ன ஆண்டில் சொல்வதன்படி', 'நான் கேட்ட பத்துப் பேரில்'. தலைப்பைக் கடைசியாக வை, அதில் உன் ஊர்ப் பெயர் இருக்கட்டும்.

படம் கேட்டிருந்தாய். அந்த நான்கு கட்ட அட்டவணையைக் கையால் கோடு போட்டு ஒட்டு, அதுவே பெரிய படம். புகைப்படம் ஒன்று போதும்: குவியலுக்கு அடியில் நனைந்து முளைவிட்ட நெல்லை உள்ளங்கையில் வைத்து எடு, கீழே தேதி எழுது. ஆட்களின் முகம் வேண்டாம். நிலையத்துக்குள் எடுப்பதாக இருந்தால் எழுத்தரைக் கேட்டுவிட்டு எடு.